கேட்டுக்கொண்டே சீனம் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சீனம் படிக்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆனவர்களிடம் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே குறையைச் சொல்வார்கள்: பாடத்தைக் கண்ணால் பார்த்தால் புரிகிறது, அதையே ஒரு சீனர் வாசித்தால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மீதிப் பேர் இதற்கு நேர்மாறு. காதில் விழுந்தால் புரிந்துகொள்வார்கள், அச்சில் காட்டினால் விழிப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டே படி. நல்ல மருந்துதான், ஆனால் எவ்வளவு, எந்த வேளைக்கு என்று யாரும் எழுதித் தருவதில்லை.

நான் அதைத் தப்பாகச் சாப்பிட்டவன். முதல் ஐந்து மாதம் ஒரு செயலியில் குட்டிக் கதைகளை ஓடவிட்டுப் படித்தேன், எழுத்துக்கு மேலே பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் காட்டும் முறை), காதில் குரல், தினமும் ஒரு மணி நேரம். எல்லாம் புரிந்தது, பெருமையாகவும் இருந்தது. அப்புறம் ஒரு நாள் பல்கலைக்கழக உணவகத்தில் சுவரில் இருந்த விலைப்பட்டியலுக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே பின்யினும் இல்லை, குரலும் இல்லை. தெரிந்த ஒரே எழுத்து கோழி, அதிலும் கோழியா வாத்தா என்று சந்தேகம், ஏனென்றால் இரண்டு எழுத்திலும் வலப்பக்கம் அதே பறவைதான் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து மாதமாக என் கண் சீன எழுத்தைப் படிக்கவே இல்லை, மேலே இருந்த பின்யினைத்தான் படித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: முதல் நாள் குரல் முன்னால் போகட்டும், கண் பின்னால் வரட்டும். இரண்டாம் நாள் கண் முன்னால் போகட்டும், குரல் வந்து அதைத் திருத்தட்டும். மூன்றாம் நாள் இரண்டையும் பிரித்துவிடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த மூன்று வரியின் விரிவு. காரணம் தெரியாமல் செய்தால் நாலாம் நாளே விட்டுவிடுவீர்கள், அதனால் முதலில் காரணம்.

சீனத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலை

தமிழில் தெரியாத சொல்லையும் வாய்விட்டு வாசித்துவிடலாம், பொருள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீனத்தில் அந்த வசதி பாதிதான் உண்டு. எழுத்துகளில் பெரும்பாலானவை, எண்பது சதவீதத்துக்கும் மேல் என்பார்கள், ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் காட்டும் கூட்டு எழுத்துகள். ஆனால் ஒலிப்பக்கம் தருவது குத்துமதிப்பு மட்டுமே. 'ச்சிங்' என்ற ஒலியைக் காட்டும் உறுப்பின் பக்கத்தில் நீர் சேர்ந்தால் 'தெளிவு', முதல் தொனி (தொனி என்பது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், அது மாறினால் பொருளும் மாறும்). சூரியன் சேர்ந்தால் 'மேகமில்லாத வானம்', இரண்டாம் தொனி. இதயம் சேர்ந்தால் 'உணர்வு', அதுவும் இரண்டாம் தொனி. பேச்சு சேர்ந்தால் 'தயவுசெய்து', மூன்றாம் தொனி. கண் சேர்ந்தால் ஒலியே மாறி 'ஜிங்' ஆகிவிடும். பக்கத்தைப் பார்த்து ஊகிக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயப்படுத்த ஒரு குரல் வேண்டும்.

காதுக்கும் தனியாக ஒரு சிக்கல். தொனியை விட்டுவிட்டு எண்ணினால் பொதுச்சீனத்தில் (மாண்டரின்) ஏறக்குறைய 400 அசைகள்தான், தொனியோடு எண்ணினாலும் 1,300-ஐ ஒட்டித்தான் வரும். 2021-ல் வந்த எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) தரநிலையில் மட்டும் 3,000 எழுத்துகளும் 11,092 சொற்களும் இருக்கின்றன. அத்தனையும் இந்தச் சின்ன அசைக்கூட்டத்துக்குள் அடைபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'மாய்' மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. எழுத்திலும் விற்பது என்பது வாங்குவதன் தலையில் 'பத்து' என்ற சிறு சிலுவையை வைத்ததுதான். கண்ணுக்கும் ஒன்று போல, காதுக்கும் ஒன்று போல. இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் வந்தால்தான் மனதில் தனித்தனியாக உட்காரும்.

இதைவிடப் பெரியது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லாதது. நான்ஜிங்கில் யாங்சி ஆற்றின் மேல் 1968-ல் திறந்த பெரிய பாலம் ஒன்று இருக்கிறது. 'நகரம்' என்ற எழுத்தையும் சேர்த்து எழுதினால் அதன் பெயர் ஏழு எழுத்து. மூன்று எழுத்துக்குப் பிறகு வெட்டினால் 'நான்ஜிங்-ஷி சாங்ஜியாங் தாச்சியாவ்', அதாவது நான்ஜிங் நகர யாங்சி பெரும்பாலம். நாலு எழுத்துக்குப் பிறகு வெட்டினால் 'நான்ஜிங் ஷிஜாங் ஜியாங் தாச்சியாவ்', நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ் என்று இல்லாத ஒரு மனிதர் பிறந்துவிடுவார். சீனர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை இது. நாலாவது எழுத்துக்கு இரண்டு ஒலி, 'சாங்' என்றால் நீளம், 'ஜாங்' என்றால் தலைவர். கண்ணால் மட்டும் பார்ப்பவர் இங்கே தடுமாறலாம், ஆனால் குரல் வாயைத் திறந்த உடனே வெட்டும் இடமும் தெரிந்துவிடும், எந்த ஒலி என்பதும் தெரிந்துவிடும்.

பக்கத்தில் எங்குமே அச்சாகாமல் குரலில் மட்டும் இருக்கும் தகவலும் உண்டு. 'தோங்ஷி' என்ற இரண்டு எழுத்தை இரண்டிலும் முழுத் தொனி வைத்து வாசித்தால் கிழக்கும் மேற்கும், இரண்டாவதை மெலிதாக விட்டால் 'பொருள், சாமான்'. எழுத்து அதேதான். அதே மாதிரி, மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னால் இருப்பது இரண்டாம் தொனியாக மாறும் என்று எல்லாப் பாடநூலிலும் படிக்கிறோம், 'நீ ஹாவ்' அதற்கு உதாரணம். இப்போது 'வோ ஷியாங் மாய் ஷுய்குவோ' என்று சொல்லுங்கள், 'எனக்குப் பழம் வாங்க வேண்டும்' என்று பொருள். ஐந்து எழுத்தும் மூன்றாம் தொனி. எது மாறும், எது மாறாது? பேசுகிறவர் எங்கே சேர்த்துச் சொல்கிறார், எங்கே விடுகிறார் என்பதைப் பொறுத்தது. விதியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார், ஒரு வாரம் கேட்டால் தானாக வரும்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

இரண்டு விஷயம் மட்டும். பல்லூடகக் கற்றலில் 'மிகைத் தகவல் விளைவு' என்று ஒன்று சொல்வார்கள்: தாய்மொழியில் ஒருவர் பேசும்போது அதே சொற்களைத் திரையிலும் காட்டினால், படமும் கூட ஓடினால், கவனம் சிதறிக் கற்றல் குறையும். இதை வைத்துக்கொண்டு சிலர் கேட்டுக்கொண்டே படிப்பது வீண் என்கிறார்கள். இரண்டாம் மொழிக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தாது. தாய்மொழியில் குரல் ஒன்றே போதும், எழுத்து மிகை. கற்கும் மொழியிலோ குரல் காற்றோடு போய்விடுகிறது, எழுத்துதான் பிடித்து நிறுத்துகிறது.

இரண்டாவது, 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜப்பானில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்குக் கதைகளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: படிப்பது, கேட்டுக்கொண்டே படிப்பது, கேட்பது மட்டும். கேட்பது மட்டும் மிகவும் பின்தங்கியது, கேட்டுக்கொண்டே படிப்பது கொஞ்சம் முன்னால் நின்றது, மாணவர்களுக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பொருளைத் தாமாக எழுதச் சொன்னபோது 28 சொற்களில் சராசரியாக ஒன்றுதான் நினைவில் இருந்தது, கேட்பது மட்டும் என்றால் அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் நடந்தது, சீனத்தில் அல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு தரம் சுகமாகக் கேட்டுப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் என்ன மிஞ்சும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே பாடத்தோடு மூன்று நாள்.

படி 1: யார் ஆரம்பிக்கலாம்

முதல் மாதத்தில் இருப்பவர்கள் இன்னும் வேண்டாம். பின்யின் அட்டவணையில் உள்ள எல்லா அசைகளையும் நாலு தொனியிலும் கேட்டுப் பிரித்தறிய வந்திருக்க வேண்டும், 150, 200 எழுத்தாவது பார்த்த உடனே தெரிய வேண்டும். அதற்கு முன்னால் கேட்டுக்கொண்டே படித்தால் காதில் ஒரு பாட்டு, கண்ணில் ஒரு படம், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

படி 2: பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான். 300 முதல் 400 எழுத்து கொண்ட பகுதி போதும், ஒலிப்பதிவு இரண்டு, இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். நூறு எழுத்தில் தெரியாத சொல் நாலைந்துக்கு மேல் இருந்தால் அந்தப் பாடத்தை இரண்டு மாதம் கழித்து எடுங்கள். கடினமானதில் போராடினால் சீக்கிரம் வரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு, அகராதியோடு தனியாகப் படிக்கும்போது அது ஓரளவு சரி. குரல் யாருக்காகவும் காத்திருக்காது, அதனால் இங்கே எடுபடாது.

சொந்தப் பாடநூலின் ஒலிப்பதிவே நல்ல தொடக்கம். அதைத் தாண்டினால் தரம் பிரித்த கதைநூல்கள். பீக்கிங் பல்கலைக்கழக அச்சகம் 300, 500, 750, 1,100 சொற்கள் என்று படிப்படியாக, ஒலிப்பதிவோடு குறுநாவல்கள் போட்டிருக்கிறது. செயலி வேண்டுமென்றால் து சைனீஸ் மாதிரியானவற்றில் பின்யினை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, முதல் வேலையாக மறைத்துவிடுங்கள். பிளெகோ அகராதி எப்படியும் கைபேசியில் இருக்கும்.

ஒலிப்பதிவும் எழுத்தும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டும். ஒரே ஊர்க்காரர்களாகவும் இருக்க வேண்டும்: குப்பைக்கு நிலப்பகுதிச் சீனாவில் 'லாஜி', தைவானில் அதே இரண்டு எழுத்துக்கு 'லஸ'. தைவான் குரலைக் கேட்டுக்கொண்டு பெய்ஜிங் பாடநூலைப் பார்த்தால் தப்பு உங்கள் காதில்தான் என்று நினைத்து மனம் நொந்துபோவீர்கள்.

இயந்திரக் குரலைப் பற்றிக் கேட்பார்கள். இப்போதெல்லாம் நன்றாகவே இருக்கிறது, அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். இரண்டு ஒலி உள்ள எழுத்துகளில்தான் அது சில சமயம் சறுக்கும். 'ஷிங்' என்றால் போவது, 'சரி, ஆகட்டும்'. அதே எழுத்து வங்கி என்ற சொல்லில் 'யின்ஹாங்' என்று 'ஹாங்' ஆகும். வங்கி மாதிரி அடிக்கடி வரும் சொல்லில் இயந்திரம் தப்புவதில்லை, அரிதான சொல்லிலும் ஆள் பெயரிலும் தப்பலாம். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதுதான் பிரச்சினை. முதல் ஒரு வருடத்துக்கு மனிதக் குரல்.

படி 3: வேகத்தை அளப்பது

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ஐந்து நிமிட வேலை. ஒலிப்பதிவில் மொத்தம் எத்தனை எழுத்து என்று எண்ணி நிமிடத்தால் வகுங்கள், குரலின் வேகம் கிடைக்கும். அப்புறம் அதே தரத்தில் நீங்கள் பார்த்திராத ஒரு பத்தியைச் சத்தமில்லாமல், புரிந்து படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். குரல் நிமிடத்துக்கு 160, கண் நிமிடத்துக்கு 80 என்று வந்தால், மூன்றாவது வரியிலேயே கண் பின்தங்கிவிடும், அப்புறம் குரல் எங்கே போகிறது என்று தேடுவதிலேயே நேரம் போகும். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் 300 எழுத்துவரை சாதாரணமாகப் போவார்கள், அதை இப்போது தொட வேண்டாம்.

வித்தியாசம் கொஞ்சம் என்றால் விஎல்சி மாதிரியான இயக்கியில் வேகத்தை 0.8 வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போவது எனக்குப் பிடிக்காது. மெலிதாக விட வேண்டிய அசைகூட இழுபட்டு முழுத் தொனி மாதிரி ஒலிக்கும், மூன்றாம் தொனி குடிகாரன் பேச்சு மாதிரி ஆகும். அதைவிட, வேகத்தைத் தொடாமல் முற்றுப்புள்ளிதோறும் நிறுத்தி ஓடவிடுவது மேல். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வாக்கியங்களுக்கு நடுவே இரண்டு வினாடி மௌனத்தைச் செருகி ஒரு கோப்பு செய்து வைத்துக்கொண்டால் கையும் மிச்சம். பேச்சின் உருவம் கெடாது, கண்ணுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

படி 4: முதல் நாள், குரல் முன்னால்

முதலில் பாடத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு தரம் கேளுங்கள். எவ்வளவு புரிந்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், மூன்றாம் நாள் ஒப்பிடத் தேவைப்படும்.

அடுத்து எழுத்தோடு. பின்யின் கூடாது. அச்சில் மேலே இருந்தால் காகிதத் துண்டை வைத்து மூடுங்கள், திரையில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நமக்கு ஆங்கில எழுத்து சின்ன வயதிலிருந்தே பழக்கம், அது கண்ணில் பட்டால் சீன எழுத்தின் பக்கம் பார்வை திரும்பவே திரும்பாது, மன உறுதியால் தடுக்க முடியாத விஷயம் இது. சீனக் குழந்தைகளுக்கே ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் எல்லா எழுத்துக்கும் மேலே பின்யின் இருக்கும், ஓரிரு வருடத்தில் புதிய எழுத்துகளுக்கு மட்டும் என்று குறைத்துவிடுவார்கள். 1958-ல் அதிகாரபூர்வமாக வந்த பின்யின் வாசிப்பதற்கான எழுத்தாக இல்லாமல் உச்சரிப்பைக் காட்டும் துணையாகத்தான் பள்ளியில் இருக்கிறது, அகராதியிலும் இருக்கிறது. உங்களுக்கும் அங்கேயே இருக்கட்டும். சுத்தமாகத் தெரியாத எழுத்துக்கு மட்டும் பென்சிலால் தொனிக்கோட்டைப் போட்டுக்கொள்ளலாம், முழு ஒலியை எழுத வேண்டாம், கோடு மட்டும்.

இப்போது விரலையோ பென்சிலையோ வரியின் கீழே ஓட்டிக்கொண்டு குரலின் பின்னாலேயே போங்கள். புரியாத இடத்தில் நிற்கக் கூடாது. இரண்டாம் முறை ஓடவிடும்போது குரல் எங்கே லேசாக விடுகிறதோ அங்கே ஒரு சிறு சாய்கோடு போடுங்கள். நான்ஜிங் மேயர் பிறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை இதுதான். பத்துப் பதினைந்து பாடம் இப்படிக் கோடு போட்ட பிறகு, குரல் இல்லாத பக்கத்திலும் கண் தானாகவே சொற்களை வெட்ட ஆரம்பிக்கும். எனக்கு இந்த முறையில் கிடைத்த மிகப் பெரிய லாபம் எது என்றால் சொற்பெருக்கம்கூட இல்லை, இந்த வெட்டும் பழக்கம்தான்.

மூன்றாம் முறை தேவையில்லை. தெரியாத சொற்களை இப்போது அகராதியில் பார்த்து, புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

படி 5: இரண்டாம் நாள், கண் முன்னால்

பொருள் ஏற்கெனவே தெரியும், அதனால் இன்றைக்கு வேலை வேறு. ஒரு சொற்றொடரைக் குரல் வருவதற்கு முன்னால் மனதுக்குள் சொல்லிவிடுங்கள், உடனே குரலை ஓடவிட்டு ஒப்பிடுங்கள். வாக்கியம் வாக்கியமாக நிறுத்தித்தான் செய்ய முடியும். நீங்கள் நினைத்ததும் குரல் சொன்னதும் எங்கே வேறுபடுகிறதோ அந்த எழுத்தைச் சுற்றி வட்டம். வட்டம் விழும் இடங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், புதிய சொற்களில் விழாது, நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த பழைய சொற்களில்தான் விழும். 'இல்லை' என்பதற்கான 'பு' நான்காம் தொனி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், இன்னொரு நான்காம் தொனிக்கு முன்னால் அது இரண்டாம் தொனியாக ஏறுவதைக் காது அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவனிக்கும். 'ஒன்று' என்பதற்கான 'யி' இன்னும் மோசம், மூன்று விதமாக வரும்.

சுகமாகக் கேட்டுக்கொண்டே கண்ணை ஓட்டும்போது இந்த வேறுபாடுகள் ஒன்றும் தெரியாது. குரல் சொல்லிவிடுவதால் நமக்கும் தெரிந்தது போலவே ஒரு மயக்கம் வரும். முன்கூட்டி ஒரு பதிலைச் சொல்லி, அது தப்பாகும்போதுதான் உறைக்கிறது. கதை கேட்கும் சுகத்துக்காக இதைச் செய்கிறவர்களுக்கு இந்த நாள் எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

இதே நாளில் பின்தொடர்ந்து வாசிப்பதையும் சேர்த்துவிடலாம். சீன ஆசிரியர்கள் 'கன்து' என்பார்கள்: குரல் ஒரு வாக்கியம், நீங்கள் அதே வாக்கியம், அதே இழுப்பு, அதே நிறுத்தம். கடைசி முறை கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். தன் குரலைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, வேறு வழியில்லை.

தமிழ்க் காதுள்ளவர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. பின்யினில் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தால் எழுதும் ஒலி 'பஸ்' என்பதன் ப இல்லை, 'பல்', 'பழம்' என்பதன் ப. பதினாறாம் எழுத்தால் எழுதுவது அதே ப-வோடு ஒரு மூச்சுக்காற்று சேர்ந்தது. (இரண்டு ஆங்கில எழுத்தையும் தமிழில் 'பி' என்றுதான் எழுத முடியும் என்பதால் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது.) த, க ஆகியவற்றிலும் இதே கதை. அதாவது சொல் முதலில் வரும் நம் வல்லினம் சீனத்தில் ஒரு பாதிக்கு அப்படியே பொருந்துகிறது, ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மறுபாதிக்கு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்று படுகிறதா என்று பாருங்கள். பெய்ஜிங்காரர்கள் சொல்லின் கடைசியில் நாக்கை மடக்குவது நம் ழ்-க்கு மிக அருகில் இருப்பது, அது இலவச இணைப்பு.

படி 6: மூன்றாம் நாள், பிரிப்பது

முதலில் எழுத்து இல்லாமல் குரல் மட்டும். முதல் நாள் எழுதிய வரியை எடுத்து ஒப்பிடுங்கள். எழுத்தைப் பார்க்காமலே எழுத்து மனக்கண்ணில் ஓடினால் வேலை நடந்திருக்கிறது. ஓடாத இடத்தில் மறுபடி எட்டிப் பாருங்கள்.

அடுத்து குரல் இல்லாமல் எழுத்து மட்டும், வாய்விட்டு. இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குரல் இருந்தால் சரளமாகப் படிப்பார்கள், அணைத்தால் தடுக்கித் தடுக்கி விழுவார்கள், என் உணவகக் கதையின் இன்னொரு வடிவம். வாசித்து முடித்த பிறகு வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 'திங்ஷியே', கேட்டு எழுதுதல். மூன்று வாக்கியம் போதும். கையால் எழுதுங்கள். தட்டச்சு செய்தால் பின்யினை அடித்த உடனே செயலி எழுத்துகளை வரிசையாக நீட்டும், நீங்கள் சரியானதை அடையாளம் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அதுவும் ஒரு பயிற்சிதான், ஆனால் அது வேறு பயிற்சி. கையால் எழுதவே போவதில்லை என்று முடிவு செய்தவர்கள் தட்டச்சோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

வாரம் எப்படிப் போகும்

மூன்று நாளுக்கு ஒரு பாடம், வாரத்துக்கு இரண்டு, ஏழாம் நாள் பழைய பாடங்களில் ஏதாவது நாலைந்தை நடந்துகொண்டே கேட்பது. தினமும் அரை மணிக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை படி 3-ல் செய்த அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். கண்ணின் வேகம் ஏறாமல் காது மட்டும் முன்னேறினால் பின்யினை எங்கேயோ திருட்டுத்தனமாகப் பார்க்கிறீர்கள். காது நகராமல் கண் மட்டும் ஏறினால் மூன்றாம் நாளின் முதல் பகுதியை விட்டுவிடுகிறீர்கள். நான் பார்த்தவரை தப்பு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு

சீனாவில் மருத்துவம் படிக்கப் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் எச்எஸ்கே 4 எழுத வேண்டியிருப்பதால் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஆறு நிலை கொண்ட எச்எஸ்கேயில் முதல் இரண்டு நிலைகளின் தாளில் பின்யின் இருக்கும், மூன்றிலிருந்து இருக்காது. கேட்டல் பகுதியில் முதல் மூன்று நிலைகளில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் ஓடவிடுவார்கள், நான்கிலிருந்து ஒரே தரம். நான்காம் நிலையில் பேசுவது அச்சில் இருக்காது, சரியா தவறா என்று சொல்ல வேண்டிய வாக்கியமோ நாலு விடைத் தேர்வுகளோ மட்டும் இருக்கும். ஆகவே தேர்வுக்கு வேண்டியது இரண்டாம் நாள் பழகிய அதே திறன்: குரல் வருவதற்கு முன்னால் நாலு விடையையும் கண்ணால் படித்து, மனதுக்குள் ஒலிக்க வைத்து, அவற்றில் எது காதில் விழுகிறது என்று காத்திருப்பது. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து முதல் நாள் வேலையைக் குறைத்து மூன்றாம் நாள் வேலையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாடங்களைத் தாண்டிய பிறகு

சீனத் தொலைக்காட்சித் தொடர் எதைப் போட்டாலும் கீழே சீன எழுத்து ஓடும். வட்டார மொழிகள் அத்தனை இருப்பதால், ஒரு மாகாணத்துக்காரர் பேச்சு இன்னொருவருக்குப் பிடிபடாமல் போகலாம், எழுத்து எல்லோருக்கும் பொது. அதாவது சீனர்களே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே படிக்கிறவர்கள்தான். தொடர்களில் பல நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள் என்பதும் நமக்கு நல்லது, உச்சரிப்பு திருத்தமாக இருக்கும். இன்றைய காலத்துக் குடும்பக் கதையாகப் பாருங்கள், அரண்மனைக் கதை வேண்டாம், அங்கே பேசுவது வேறு சீனம். ஆங்கில வசன வரியை அணைத்துவிடுங்கள், எது எளிதோ கண் அங்கேதான் போகும் என்பது பின்யின் விஷயத்திலேயே பார்த்தோம். பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் வண்ண வண்ண எழுத்து திரை முழுக்கக் குதிக்கும், கீழே ஓடும் வரியும் பேசியதைச் சுருக்கித்தான் காட்டும், அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிட அத்தியாயம் முழுவதையும் மூன்று நாள் முறையில் செய்ய முடியாது, முயற்சி செய்து தோற்றவன் சொல்கிறேன். முழுவதையும் ஒருமுறை சும்மா பாருங்கள், அதில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, திரையின் அடியில் ஒரு அட்டையை ஒட்டி எழுத்தை மறைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். சாப்பாட்டு மேசைக் காட்சியாக இருந்தால் ரொம்ப நல்லது, கோழியும் வாத்தும் கட்டாயம் வரும்.